மின்சாரச் சத்திரங்கள்

சென்ற மாதம் காரியார்த்தமாக நாம் மின்சார மோட்டாரில் சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்ல நேர்ந்தது. வழியில் ஒருமுறை மின்சாரம் ஏற்றிக்கொண்டோம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நகரத்துக்குள் புகுந்த பிறகே தொல்லை ஆரம்பமாயிற்று.

பாட்டரியில் 11 சதவிகிதம் எஞ்சியிருக்கையில் ஒரு நிலையத்தை அடைந்தோம். இயந்திரம் பழுதின்றி இருந்தது. இடமும் காலியாக இருந்தது. ஆயினும் அந்தக் கம்பெனியின் செயலியைக் கைப்பேசியில் இறக்கி, பெயரும் எண்ணும் பதிந்து, முன்பணம் கட்டினாலன்றி அது ஒரு யூனிட்டும் கொடாது. நிலையமோ ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில். அங்கே கைப்பேசி வேலை செய்யவில்லை. மாடிப்படி ஏறித் தெருவுக்கு வந்து 500 ரூபாய் கட்டினோம். கீழே இறங்கியதும் இயந்திரம் நம்மை அறியேன் என்றது. மூன்று முறை ஏறி இறங்கிவிட்டு வேறொரு கம்பெனியின் நிலையத்தைத் தேடிப் புறப்பட்டோம். அங்கே வேறு செயலி, வேறு முன்பணம்! முதற் கம்பெனியில் நமது 500 ரூபாய் இன்றும் கிடக்கிறது.

இதற்கிடையே தெருமுனையில் ஓர் இளநீர் வாங்கிக் குடித்தோம். விற்றவர் யு.பி.ஐ. அட்டையைக் காட்டினார், பணம் நொடியில் சேர்ந்தது. நமது பெயரை அவர் கேட்கவில்லை.

நமக்காவது அவகாசம் இருந்தது. இரண்டாவது நிலையத்தில் நமக்குப் பின்னால் நின்ற வாடகை வண்டிக்காரரின் கைப்பேசியில் ஏழு செயலிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் நூறும் இருநூறுமாக அவருடைய பணம் முடங்கிக் கிடக்கிறது. சொந்த வீடும் வண்டிக் கொட்டகையும் உள்ளவருக்கு இந்தக் கஷ்டம் தெரியாது.

சட்டம் என்ன சொல்லுகிறது? வண்டிக்கு மின்சாரம் ஏற்றுவது மின்சார விற்பனையன்று, சேவையே என்று 2018-ல் மத்திய மின்சார மந்திரி இலாகா விளக்கம் தந்தது. அதனால் 2003-ம் வருஷத்து மின்சாரச் சட்டப்படி கம்பெனிகளுக்கு லைசென்ஸ் வேண்டாமென்றாயிற்று. நல்லதே. அதே ‘சேவை’ என்னும் சொல்லைக் கொண்டு, 2023-ல் கர்நாடக ஜி.எஸ்.டி. முன்தீர்ப்பு அதிகாரசபை, இதற்கு 18 சதவிகித வரி உண்டென்று தீர்த்தது. வீட்டில் ஏற்றும் மின்சாரத்துக்கோ ஜி.எஸ்.டி. கிடையாது. ஆகவே அந்தச் சொல்லால் கம்பெனிக்குக் கிடைத்தது சுதந்திரம். பிரயாணிக்குக் கிடைத்தது வரி.

சேவை என்றால் சேவைக்குரிய கடமையும் வேண்டாமா? பிரயாணிகளுக்கு விடுதி நடத்துகிறவன், இடமிருக்கும்போது, கூலி கொடுக்கச் சித்தமாய் வந்தவனைத் தக்க காரணமின்றித் திருப்பியனுப்பலாகாதென்பது ஆங்கிலேயரின் பழைய பொதுச்சட்டம். அந்நாட்டில் 2023-ம் வருஷத்து விதிகளின்படி, 50 கிலோவாட்டும் அதற்கு மேலுமுள்ள பொது இயந்திரங்கள் யாவும் 2024 நவம்பர் முதல் சாதாரண வங்கி அட்டையை ஏற்றாக வேண்டும். விலையையும் யூனிட் கணக்கிலேயே தெரிவிக்க வேண்டும்.

நம் ஸர்க்கார் 2024-ல் வெளியிட்ட நெறிமுறைகள், 2030-க்குள் நகரங்களில் ஒரு கிலோமீட்டர் சதுரத்துக்கு ஒரு நிலையமேனும் இருக்க வேண்டுமென்கின்றன. எண்ணிக்கை பெருகட்டும், செயலிகளும் கூடவே பெருகினால் என் செய்வது? எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே செயலி என்ற பேச்சு 2025-ல் எழுந்தது. இளநீர்க்காரரிடம் உள்ள அட்டை ஒன்றை ஒவ்வோர் இயந்திரத்திலும் ஒட்டச் செய்வது அதைவிடச் சுலபமென்று நமக்குத் தோன்றுகிறது. முன்பணமின்றி, ஏற்றிய யூனிட்டுக்கு அப்போதே யு.பி.ஐ. மூலம் பணம் வாங்கும்படி கம்பெனிகளைக் கட்டாயப்படுத்தும் விதியை மின்சார மந்திரி இலாகா பிறப்பிக்க வேண்டும். நமது பார்லிமெண்டு அங்கத்தினர்கள் வரும் கூட்டத்தில் இதைக் கேள்வியாக எழுப்புவார்களென்று எதிர்பார்க்கிறோம். செயலிகளில் முடங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்கத் தவணை என்ன என்பதையும் அவர்கள் கேட்கட்டும்.