புதுக் கட்சியும் அதன் தொண்டரும்

புதிதாகத் தோன்றும் கட்சியிடம் பதவி இல்லை, பணம் இல்லை. மறு ஆண்டில் அது இருக்குமா என்னும் உறுதியும் இல்லை. ஆயினும் தம் தொழிலை ஒதுக்கி வைத்துவிட்டு அதற்காக ஊர் ஊராக அலைவோர் கிடைக்கவே செய்கின்றனர். இதன் காரணத்தை ஆராய, ஹைதராபாத்திலும் செகந்திராபாத்திலும் வாழ்ந்த நம்மவர் நேரிற் கண்ட ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம்.

1982 மார்ச் 29 அன்று என். டி. ராமராவ் தெலுங்கு தேசம் கட்சியைத் தொடங்கினார். 1983 ஜனவரியில் அக்கட்சி அந்நாளைய ஆந்திரப் பிரதேசத்தின் ஆட்சியைப் பெற்றுவிட்டது. திரையில் இராமனாகவும் கண்ணனாகவும் தோன்றிய முகமே வென்றது என்பர் சிலர். முகம் கூட்டத்தைச் சேர்க்கும். வீடு வீடாகச் சென்று வாக்காளரை அழைத்து வருவதற்கு ஆள் வேண்டுமே!

அந்த ஆட்களை முதலில் எழுப்பியது மனப்புண். 1978 தேர்தலுக்குப் பின் ஐந்தாண்டுகளுக்குள் நான்கு முதலமைச்சர்கள் மாறினர். மாற்றங்கள் டில்லியிலே முடிவாயின. ஆகவே ‘தெலுங்கரின் தன்மானம்’ என்ற சொல் பற்றிக்கொண்டது.

மனப்புண் மட்டும் ஒருவனை நாள்தோறும் உழைக்கச் செய்யாது. பழைய கட்சியில் ஊர்த் தலைமை சில குடும்பங்களின் கையில் இருந்தது. இளம் வழக்கறிஞரோ, பின்தங்கிய வகுப்பைச் சேர்ந்த பட்டதாரியோ அங்கே பின்வரிசையில் நெடுங்காலம் காத்திருக்க வேண்டும். புதுக் கட்சியிலோ வரிசையே இல்லை. முதலில் வந்தவரே கிளையை நடத்தினார். ரசிகர் மன்றத்தில் சுவரொட்டி ஒட்டிப் பழகிய இளைஞருக்கும் அங்கே வேலை காத்திருந்தது. வேட்பாளர்களிற் பலர் தேர்தலுக்கே புதியவர்கள். இதனைப் பதவி ஆசை என்று முகஞ்சுளிப்போர் உண்டு. தன் சொல்லுக்குச் செவிசாய்க்கும் இடத்தை ஒருவன் நாடுவதில் இழிவு என்ன இருக்கிறது?

1984 ஆகஸ்டில் ஆளுநர் ராமராவைப் பதவிநீக்கினார். தாம் கட்டிய வீட்டைப் பிறர் பறித்ததாகவே தொண்டர் கருதினர், வீதிகளில் இறங்கினர். எதிர்க்கட்சிகளும் துணை நின்றன. ஒரு மாதத்தில் அவர் மீண்டும் முதலமைச்சரானார்.

1995-இல் அவருடைய மருமகன் சந்திரபாபு நாயுடு பெரும்பாலான சட்டமன்ற உறுப்பினரைத் தம் பக்கம் திருப்பி ஆட்சியை எடுத்துக்கொண்டபோது அத்தகைய எழுச்சி தோன்றவில்லை. 1982-இல் வந்த இளைஞர் பலர் அதற்குள் மாவட்டப் பிரமுகர் ஆகியிருந்தனர். அவர்களுக்குப் பின்னாலும் ஒரு வரிசை நின்றுகொண்டிருந்தது.