ஓதம் பார்த்துப் புறப்படும் படகு

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்துத் தென்மேற்கு மூலையில் நிலம் எங்கே முடிகிறது, கடல் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழித்துச் சொல்ல முடியாது. சின்னச் சின்னத் தீவுகள், நடுநடுவே உப்பங்கழிகள், பார்க்கும் பக்கமெல்லாம் அலையாத்திக் காடு. 'பத்தாயிரம் தீவுகள்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எண்ணினால் சில நூறுதான் தேறும். பிச்சாவரத்தில் படகில் சுற்றியவர்களுக்கு இந்த மரங்கள் அந்நியமாகத் தெரியாது. அங்கே வளைந்த வேர்களைத் தண்ணீருக்குள் ஊன்றி நிற்கும் சிவப்பு அலையாத்தியும் நம் ஊர்ச் சுரபுன்னையும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை.

இந்தத் தீவுகளில் பல 1947இல் திறக்கப்பட்ட எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. சாலை கிடையாது, கடை கிடையாது, குடிநீரும் கிடையாது. மூன்று இரவு கூடாரம் போட்டுத் தங்கிச் சாவகாசமாகச் சுற்றிவர இதைவிடப் பொருத்தமான படகு இல்லை என்று நான் சொல்வது கடல் கயாக்கைத்தான். அரையடித் தண்ணீர் இருந்தால் போதும், அது மிதந்துவிடும்.

கயாக் ஆர்க்டிக் கரைகளில் பிறந்தது. இனுயிட் மக்களும் அலூஷியன் தீவுவாசிகளும் கடலில் ஒதுங்கிய மரத்தையும் எலும்பையும் சட்டமாகக் கட்டி, அதன் மேல் கடல்நாய்த் தோலை இழுத்துத் தைத்து, வேட்டைக்காகச் செய்த படகு அது. மேல்தளம் மூடியிருக்கும். ஆள் உட்கார ஒரு துளை மட்டும் திறந்திருக்கும். இன்று தோலின் இடத்தில் பிளாஸ்டிக்கோ கண்ணாடி இழையோ வந்துவிட்டது. வடிவம் அதிகம் மாறவில்லை. முன்னும் பின்னும் தடுப்புச் சுவர் வைத்து நீர் புகாத இரண்டு அறைகள் ஆக்கியிருக்கிறார்கள். சாமான் வைக்கும் இடமும் அதுவே, படகு கவிழ்ந்தாலும் மூழ்காமல் காப்பதும் அதுவே.

கடல் கயாக் பெரும்பாலும் ஐந்து மீட்டருக்குச் சற்று முன்பின் நீளம் இருக்கும். அகலமோ அறுபது சென்டிமீட்டரை ஒட்டித்தான். நீளம் கூடினால் படகு நேர்க்கோட்டில் ஓடும், வேகத்தின் உச்சவரம்பும் உயரும். அகலம் கூடினால் ஆட்டம் குறையும், ஆனால் ஒவ்வொரு துடுப்பு வீச்சுக்கும் தள்ள வேண்டிய தண்ணீர் அதிகம். பழகிய ஒருவர் மூச்சு வாங்காமல் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் போவார். அதே படகை எட்டுக்கு விரட்ட நினைத்தால் உழைப்பு பல மடங்காகும். வேகம் ஏற ஏற, படகு தானே எழுப்பும் அலை பெரிதாகி அதையே வழிமறிக்கிறது. அதனால் கயாக்கில் அவசரப்படுவதில் லாபம் இல்லை. துடுப்பைக் கையால் இழுக்காமல் இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பி வலித்தால், சாயங்காலம் தோள் வலிக்காது.

புதிதாக வருபவர்களைக் குழப்புவது பக்கவாட்டுக் காற்று. காற்று படகைத் தள்ளிக்கொண்டு போகும் என்று எதிர்பார்ப்போம். நடப்பது வேறு: மூக்கு காற்று வரும் திசையை நோக்கித் திரும்பிக்கொள்ளும். ஓடும் படகின் முனை கலங்காத நீரைக் கிழித்துப் போவதால் இருபுறமும் நீரின் அழுத்தம் அதை இறுகப் பிடித்துக்கொள்கிறது. வால் பக்கமோ கலங்கிய நீரில் பிடிமானமில்லாமல் கிடக்கிறது. காற்று வாலைத் தள்ளுகிறது, மூக்கு எதிர்ப்பக்கம் திரும்புகிறது. இதற்கு மருந்து, வாலடியில் இறக்கி ஏற்றும் ஸ்கெக் என்ற சிறு தகடு. அதை இறக்கினால் வாலுக்கும் ஒரு பிடிமானம் வந்துவிடும். முன் அறையில் கனத்தைத் திணித்தால் இந்தக் கோளாறு கூடும். தண்ணீர்க் கேன்கள் போன்ற கனமான சாமான்களை அடியில், உட்காரும் இடத்துக்குப் பக்கத்திலும், தூங்கும் பை போன்ற லேசானவற்றை இரு முனைகளிலும் வைப்பது இதனால்தான்.

இனி வழி. எவர்கிளேட்ஸ் சிட்டியிலிருந்து தெற்கே ஃபிளமிங்கோ வரை அலையாத்திக் காட்டுக்குள்ளேயே போகும் ஒரு புகழ்பெற்ற நீர்வழி உண்டு. ஏறக்குறைய 160 கிலோமீட்டர். துடுப்பு வலித்துப் போக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். நிம்மதியாகப் போய்வர நினைப்பவர்களுக்கு அதை நான் சொல்லமாட்டேன். அதில் ஒவ்வொரு நாளும் தூரத்தைக் கடந்தே தீர வேண்டும், ஒரு நாள் காற்று கெட்டால் கணக்கு முழுதும் கெடும். மாறாக, சோக்கலோஸ்கியிலிருந்து புறப்பட்டு வெளிக்கடலோரத் தீவுகளுக்குப் போய், அதே வழியில் திரும்பலாம். சோக்கலோஸ்கியே பழங்குடியினர் நூற்றாண்டுக் கணக்கில் தின்று போட்ட சிப்பி ஓடுகளால் உயர்ந்த தீவு. 1906இல் தொடங்கிய ஸ்மால்வுட் கடை இப்போது அருங்காட்சியகமாக அங்கே நிற்கிறது, கிளம்பும் முன் எட்டிப் பார்க்கலாம். அங்கிருந்து ஏறக்குறைய எட்டுக் கிலோமீட்டரில் ராபிட் கீ என்ற தீவு. இன்னும் தெற்கே, ஒரு காலைப்பொழுதின் தூரத்தில், நீண்ட மணல்கரையுள்ள பவிலியன் கீ. முதல் இரவு ராபிட், அடுத்த இரண்டும் பவிலியன் என்று வைத்துக்கொண்டால், நடுவில் ஒரு நாள் முழுக்க எங்கும் போகாமல் கிடக்கலாம்.

எட்டுக் கிலோமீட்டர்தானே என்று நினைத்த நேரத்தில் கிளம்ப முடியாது. ஓதம் விடாது. நாளுக்குப் பெரும்பாலும் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். உள்ளே இருக்கும் விரிகுடாவின் தண்ணீர் முழுதும் தீவுகளுக்கிடையிலான குறுகிய வாய்கள் வழியாகத்தான் போய்வர வேண்டும் என்பதால் அங்கே இழுப்பு அதிகம். நீரோட்டம் மணிக்கு மூன்று கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நம் வேகம் ஐந்து. அதோடு சேர்ந்து போனால் எட்டு, ராபிட் கீக்கு ஒரு மணி நேரம். எதிர்த்துப் போனால் வேகம் இரண்டுதான், நாலு மணி நேரம் ஆகும். அதே படகு, அதே கை. ஆகவே முதலில் ஓத அட்டவணையைப் பார்த்து, வற்றத்தோடு வெளியேறி ஏற்றத்தோடு உள்ளே வரும்படி தேதியைத் தேர்ந்தெடுங்கள். விடுப்பு விண்ணப்பம் அப்புறம். இன்னொன்று: வெளித்தீவில் ஓதம் திரும்பிய பிறகும், உள்ளே சோக்கலோஸ்கியில் அது திரும்ப ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அட்டவணை எந்த இடத்துக்கானது என்று பார்க்காமல் படித்தால் ஏமாந்துபோவோம்.

குளிர்காலத்தில் வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கி இரண்டு மூன்று நாள் அடிக்கும். அது கரையோரத் தண்ணீரைக் கடலுக்குள் தள்ளிவிடுவதால் அட்டவணை சொல்வதைவிடவும் மட்டம் தாழும். அப்போது சேறும் சிப்பித் திட்டுகளும் வெளியே தெரியும். அந்தச் சிப்பி ஓடுகள் காலையும் கிழிக்கும், படகையும் கீறும். அதற்காக வேறு பருவத்தைத் தேடவும் முடியாது. நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான் அங்கே மனிதர் தங்கக்கூடிய காலம், கோடையைக் கொசுக்களுக்கு விட்டுவிட வேண்டும். குளிர்காலத்திலும் காற்று நின்ற அந்தியில் கண்ணுக்கே தெரியாத பொடிப்பூச்சிகள் கிளம்பிக் கடிக்கும். கூடாரத்தின் வலை நெருக்கமான கண்ணுள்ளதாக இருக்கட்டும்.

எந்த இரவு எந்த இடம் என்று பூங்காவில் முன்கூட்டியே சொல்லி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். மணல்கரை முகாம்களில் தண்ணீர் ஏறும் கோட்டுக்கு மேலே கூடாரம் அடித்து, படகையும் மேலே இழுத்துக் கட்டிவிட வேண்டும். உள்பக்கத்தில் கால் வைக்க நிலமே இல்லாத இடங்களில் தண்ணீருக்கு மேல் கூரையோடு மரமேடை போட்டிருக்கிறார்கள். அதற்குச் சிக்கி என்று பெயர். செமினோல் மக்களின் சுவரில்லாத வீட்டுக்கும் அதே பெயர்தான். பலகையில் முளை அடிக்க முடியாது, அங்கே தானே நிற்கும் கூடாரம்தான் உதவும். சமையலுக்குக் கையடக்க அடுப்பு வேண்டும், விறகு மூட்டுவது மணல்கரையில் மட்டுமே.

தண்ணீர்க் கணக்கில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர். மூன்று இரவு, நான்கு பகலுக்குப் பதினாறு, திரும்ப முடியாமல் ஒரு நாள் மாட்டிக்கொண்டால் இருக்கட்டும் என்று இன்னும் நான்கு. இருபது கிலோ கனம் படகில் ஏறிவிட்டது, பரவாயில்லை. ஆனால் கெட்டியான டப்பாவில் எடுத்துப் போக வேண்டும். இந்தத் தீவுகளில் ராக்கூன்களுக்கும் நன்னீர்ப் பஞ்சம். மெல்லிய பிளாஸ்டிக் கேனை இரவோடிரவாகக் கடித்துத் திறந்துவிடும். முதலைகளை நினைத்துப் பயப்படுபவர்கள் இந்த ராக்கூனைப் பற்றிக் கேட்பதே இல்லை. எனக்கு அதுதான் வேடிக்கை.

கிளம்புமுன் நம் ஊரிலேயே ஆழமில்லாத தண்ணீரில் ஒரு பயிற்சியாளரை வைத்துக்கொண்டு படகைக் கவிழ்த்து, வெளியே வந்து, திரும்ப ஏறப் பழகிவிட வேண்டும். ஏறும்போது துடுப்பின் ஒரு நுனியில் காற்றடைத்த பையை மாட்டி, படகுக்குக் குறுக்கே வைத்தால் படகு உருளாமல் நிற்கும். உயிர்காப்பு அங்கியைக் கழற்றிப் பின்னால் செருகி வைக்கக் கூடாது, போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வெளித்தீவுகளில் கைபேசியை நம்ப முடியாது. போகும் வழி, தங்கும் தீவுகள், திரும்பும் நாள், அன்று எத்தனை மணிக்குத் தகவல் வராவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்று எல்லாவற்றையும் எழுதிக் கரையில் இருக்கும் ஒருவரிடம் கொடுத்துவிட வேண்டும். திரும்பும் நாள் காலையில் காற்று பலமாக இருந்தால் கிளம்பாமல் அடுத்த ஏற்றம் வரை இருந்து பாருங்கள். கூடுதலாக எடுத்த அந்த நான்கு லிட்டர் தண்ணீர் அதற்காகத்தான்.