பந்திச் சோறும் மாட்டு வயிறும்



வத்திராயிருப்புப் பக்கம் குழுக்கடனில் கறவை மாடு வாங்கினவங்க நிறைய. கல்யாண வீட்டிலோ அன்னதானத்திலோ சோறு மிஞ்சினால் வீணாகக் கொட்ட மனசு வராமல் மாட்டுக்கு வைக்கிறோம். அந்தச் சோறு அளவுக்கு மீறினால் ஒன்றிரண்டு நாளில் மாடே போய்விடலாம். கடன் மட்டும் மிஞ்சும். சோறு எப்படி விஷமாகிறது?

மாட்டு வயிற்றில் நான்கு அறைகள். நம்ம வயிறு மாதிரி அமிலம் சுரப்பது நான்காவது அறையில் மட்டும்தான். அங்கே அதற்குக் காவல் இருக்கு. தீனி வந்ததும் வயிற்றுச் சுவரிலிருந்து கேஸ்ட்ரின் என்ற ஹார்மோன் இரத்தத்தில் கலந்து, அமிலம் சுரக்கச் சொல்லும். அமிலம் ஏறினால் சொமாட்டோஸ்டாட்டின் என்ற இன்னொரு ஹார்மோன் 'போதும்' என்று அதை அடக்கும். அமிலம் சிறுகுடலுக்கு இறங்கினால் செக்ரிடின் வரும். கணையத்திலிருந்து சோடா உப்பு கலந்த நீரை வரவழைத்து முறிக்கும். மூன்றுமே புரதத்தின் சின்னச் சின்னத் துண்டுகள்தான். 1902-ல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர் நாயிடம் சோதித்து செக்ரிடினைக் கண்டுபிடித்தார்கள். 'ஹார்மோன்' என்ற பேரே 1905-ல்தான் வந்தது. நமக்கும் இதே ஏற்பாடுதான்.

ஆனால் மாடு தின்றது முதலில் போய்ச் சேருவது பெரிய முதல் அறைக்கு. அங்கே இந்தக் காவல் கிடையாது. அமிலத்தை உண்டாக்குவது, தீனியைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள். முறிப்பது மாட்டின் எச்சில். வைக்கோல் தின்னும் மாடு அசைபோட்டு அசைபோட்டு ஒரு நாளைக்கு நூறு லிட்டருக்கு மேல்கூட எச்சில் விழுங்கும். அதிலும் சோடா உப்பு இருக்கு.

சோற்றில் அசைபோட என்ன இருக்கு? எச்சில் குறையும். சோற்று மாவோ வேகமாகப் புளிக்கும். தயிரைப் புளிக்கவைக்கும் அதே லாக்டிக் அமிலம் அங்கே பெருகும். நல்ல நுண்ணுயிர்கள் செத்துப் போகும், புளிக்கவைப்பவை இன்னும் பெருகும். நிறுத்த ஆளில்லை. உடம்பு நீரெல்லாம் வயிற்றுக்குள் இழுக்கப்பட்டு, அமிலம் இரத்தத்திலும் ஏறி மாடு சாய்ந்துவிடும். அரிசி மூட்டையில் வாய் வைத்தாலும் இதே கதிதான். ஆட்டுக்கு வயிறு சின்னது; கொஞ்சமே போதும்.

தீனி எடுக்காது, அசை நின்றுவிடும், வயிறு உப்பும், சாணி புளிச்ச வாடையோடு தண்ணியாகப் போகும், நடை தள்ளாடும். கண்டதும் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்க. 1962 என்ற எண்ணிலும் கேட்கலாம். சமையல் சோடா கரைத்துக் கொடுப்பது உண்டு. அளவை மருத்துவர்தான் சொல்லணும். படுத்துவிட்ட மாட்டுக்கு வாயில் எதையும் ஊத்தாதீங்க, புரையேறி நுரையீரலுக்குப் போயிடும்.

மக்காச்சோள மாவு, அரிசிக் குருணை கூட்டுவதானால் பத்துப் பதினைந்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்க. வைக்கோலைக் குறைக்காதீங்க. பந்தி மிச்சம் உரக்குழிக்குப் போகட்டும். மாட்டுப் பொங்கலுக்கு ஒரு கைப்பிடி ஊட்டினால் போதும். பானைப் பொங்கல் வீட்டில் உள்ளவங்களுக்கு.