விளக்கம் முடிவாகாமலே நடந்த இணைப்பு

சென்னை கதீட்ரல் சாலையின் பெயருக்குக் காரணமான புனித ஜார்ஜ் பேராலயத்தில் 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. சி.எஸ்.ஐ. என்றால்தான் பலருக்குத் தெரியும். ஆங்கிலிக்கன் சபை, மெதடிஸ்ட் சபை, பிரெஸ்பிட்டேரியன்களும் காங்கிரிகேஷனல்காரர்களும் 1908-லேயே சேர்ந்து அமைத்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபை ஆகிய மூன்றும் அன்று ஒன்றாயின. யாழ்ப்பாணத்து ஐக்கிய சபைக்காரர்களும் இதில் ஒரு திருமண்டலமாகச் சேர்ந்தார்கள். பேராயர் இல்லாமல் சபையே இல்லை என்பவர்களும், பேராயர் என்ற பதவியே வேண்டாம் என்று முன்னொரு காலத்தில் பிரிந்தவர்களின் வழிவந்தவர்களும் ஒரே கூரையின் கீழ் வந்தது உலகக் கிறிஸ்தவர்களையே திரும்பிப் பார்க்க வைத்தது. கொள்கைச் சண்டை தீர்ந்துபோனதால் இணைந்தார்கள் என்றுதான் நினைக்கத் தோன்றும். உண்மையில் அது தீரவில்லை. தீராததைத் தீராததாகவே வைத்துக்கொண்டு இணைந்தார்கள். இணைப்பு நிலைத்ததற்கும் அதுதான் காரணம் என்பேன்.

திரித்துவத்திலோ கிறிஸ்துவின் இறைத்தன்மையிலோ இந்தச் சபைகளுக்குள் தகராறு இல்லை. திருவிருந்தை நடத்தும் குருவானவருக்கு அந்த அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் சிக்கல். அப்போஸ்தலர் காலம் தொட்டு, பேராயர் தலைமேல் பேராயர் கைவைத்து வரும் தொடர்ச்சியிலிருந்து வருகிறது என்றார்கள் ஆங்கிலிக்கன்களில் ஒரு சாரார். அப்படியானால் எங்கள் குருமார் இதுவரை கொடுத்ததெல்லாம் வெறும் அப்பமும் ரசமும்தானா என்று கேட்டார்கள் மற்றவர்கள். இந்தச் சண்டைக்கு இந்த மண்ணில் வேர் கிடையாது. மிஷன் சங்கங்கள் ஒருவர் வட்டாரத்தில் மற்றவர் நுழைவதில்லை என்று பொதுவாக எல்லை பிரித்துக்கொண்டிருந்தன. திருநெல்வேலிச் சீமையில் ஆங்கிலிக்கன் சங்கங்கள், மதுரைப் பக்கம் அமெரிக்கக் காங்கிரிகேஷனல் மிஷன். ஆகவே ஒரு குடும்பம் எந்தச் சபை என்பதைப் பெரும்பாலும் ஊர்தான் தீர்மானித்தது, வேதாகம ஆராய்ச்சி அல்ல. வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912-இல் தோர்ணக்கல்லில் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரான வே.ச. அசரியாவை இந்த முரண்தான் உறுத்தியது. 1919 மே மாதம் தரங்கம்பாடியில் அவரும் மற்றச் சபைகளின் குருமாரும் கூடி, பிரிவினை நாங்கள் உண்டாக்கியதல்ல, எங்கள்மேல் சுமத்தப்பட்டது என்று அறிக்கை விட்டார்கள். பேச்சுவார்த்தை முடிய இருபத்தெட்டு ஆண்டுகள் ஆயின. அசரியா 1945-இன் முதல் நாளிலேயே காலமாகிவிட்டார்.

கண்டுபிடித்த வழி எளிமையானது. புதிய சபையில் பேராயர்கள் உண்டு; இனிமேல் எல்லாக் குருப்பட்டமும் அவர்கள் கையால்தான். ஆனால் பேராயர் பதவியின் பொருளுக்கு இன்ன விளக்கத்தைத்தான் ஏற்க வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. ஏற்கெனவே குருப்பட்டம் பெற்றவர்கள் எந்தச் சபையிலிருந்து வந்தாலும் குருமாரே. மறுபடி அவர்கள் தலையில் கைவைக்கத் தேவையில்லை. முப்பது ஆண்டுகளுக்கு இரு வகைக் குருமாரும் அருகருகே ஊழியம் செய்யலாம், பிறகு சபை யோசித்து முடிவெடுக்கும். கூடவே ஓர் உறுதிமொழி: ஒரு சபையாரின் மனச்சாட்சிக்கு ஒவ்வாத குருவானவரை அவர்கள்மேல் திணிப்பதில்லை. பிரெஸ்பிட்டேரியன் மிஷனரியான லெஸ்லி நியூபிகின் தம் 37-ஆம் வயதில் மதுரை-இராமநாதபுரம் பேராயர் ஆனது இந்த ஏற்பாட்டினால்தான்.

எதிர்ப்பு கடுமையாகவே வந்தது. 1943-இல் கவிஞர் டி.எஸ். எலியட், சபையை அழித்துத்தான் இந்த இணைப்பைச் சாதிக்கிறார்கள் என்ற தொனியில் ஒரு சிறு நூலே எழுதினார். (தென்னிந்தியக் கிராமச் சபைகளின் விவகாரம் லண்டனில் இருந்த கவிஞருக்கு இத்தனை கவலை தந்தது ஆச்சரியந்தான்.) அந்தத் தரப்பின் வாதத்தைத் தள்ளிவிட முடியாது: ஒரே சொல்லை ஆளுக்கொரு பொருளில் சொல்லிக் கையெழுத்திடுவது ஒற்றுமையா, மழுப்பலா? மழுப்பல் என்றால் உண்மையை மறைக்க வேண்டும். இங்கே யாரும் எதையும் மறைக்கவில்லை. எதில் கருத்தொற்றுமை இல்லை என்பது யாப்பிலேயே தெரிந்தது, இடைக்காலக் கோணலுக்குக் காலவரையும் வைத்தாயிற்று. அவ்வளவு திறந்த மனத்தை இங்கிலாந்துத் திட்டத்தில் காண முடியாது. அங்கே ஆங்கிலிக்கன்-மெதடிஸ்ட் இணைப்பில் எல்லாக் குருமார்மேலும் கைவைக்கும் சடங்கை வைத்து, அது மறு குருப்பட்டமா இல்லையா என்பதைத் திட்டமிட்டே தெளிவுபடுத்தாமல் விட்டார்கள். 1972-இல் ஆங்கிலிக்கன் பொதுப்பேரவையில் தேவையான 75 சதவீத ஆதரவு கிடைக்காமல் அது விழுந்தது. 1970-இல் உருவான வட இந்தியத் திருச்சபை ஏறக்குறைய அதே சடங்கோடு வெற்றி பெற்றது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆகவே சடங்கு ஒன்றை மட்டும் குறைசொல்ல மாட்டேன். சி.எஸ்.ஐ. குருமாரை அங்கீகரிக்கத் தயங்கிய இங்கிலாந்துச் சபையோ 1955-இல், பேராயர் கையால் பட்டம் பெற்றவர்களின் குருத்துவம் செல்லும் என்று இறங்கி வந்தது.

இன்னொரு ஆட்சேபம், மேலே இணைந்தார்கள், கீழே சாதியும் தேர்தலும் சொத்து வழக்கும் அப்படியே இருக்கின்றன என்பது. இதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்த வழக்குகளில் எதிலும் அப்போஸ்தலத் தொடர்ச்சி பிரச்சினையாக வருவதில்லை. எந்தக் கேள்வியால் சபைகள் பிரிந்திருந்தனவோ, அதற்காக இன்று நீதிமன்றம் போவார் இல்லை.

லுத்தரன் சபையின் கதை இதற்கு நேர்மாறு. சீகன்பால்கு 1706-இல் வந்திறங்கிய தரங்கம்பாடி லுத்தரன்களின் தாய்வீடு; இணைப்புக்கு வித்திட்ட கூட்டம் நடந்ததும் அங்கேதான். ஆனால் அவர்கள் இணைப்பில் சேரவில்லை. முதலில் உபதேசத்தில் உடன்பாடு வேண்டும், அமைப்பு பிறகு என்பது அவர்கள் மரபு. அதன்படியே சி.எஸ்.ஐ.யோடு 1948-இல் இறையியல் பேச்சு தொடங்கி, நியாயப்பிரமாணம், சுவிசேஷம், திருவிருந்து என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் உடன்பாட்டு அறிக்கைகள் தயாராயின. உபதேசத்தில் பெரிய தடை மீதமில்லை என்றே சொல்லலாம். ஆனாலும் இணைப்பு நடக்கவில்லை. நிர்வாகமும் வெளிநாட்டுத் தொடர்புகளும் தனி அடையாளமும் அறிக்கையில் அடங்குகிற விஷயங்கள் அல்ல. 1969 முதல் மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இரு சபைகளின் மாணவர்களும் ஒன்றாகவே படிக்கிறார்கள். பட்டம் பெற்றதும் அவரவர் சபைக்குத் திரும்புகிறார்கள்.