அசைவுக் கோளாறுகளும் நன்கொடையும்

உடல் அசைவை ஒழுங்குபடுத்தும் மூளைப் பகுதிகள் பாதிக்கப்படுவதால் வரும் நோய்கள் அசைவுக் கோளாறுகள் எனப்படுகின்றன. நடுக்குவாதம் என்று தமிழில் சொல்லப்படும் பார்க்கின்சன் நோய், தசைகள் தாமாக முறுக்கிக்கொள்ளும் டிஸ்டோனியா, ஹன்டிங்டன் நோய், நடை தள்ளாடும் அட்டாக்சியா முதலியவை இவற்றுள் அடங்கும். இவற்றில் பெரும்பாலானவற்றை முற்றிலும் குணமாக்கும் மருந்து இல்லை. மருந்து, உடற்பயிற்சி, பராமரிப்பு மூன்றும் ஆண்டுக்கணக்கில் தேவைப்படும். கண்புரை அறுவைக்கு ஒருவர் பணம் கொடுத்தால் அந்த உதவி அன்றோடு நிறைவடையும். நடுக்குவாதத்துக்கு அப்படி ஒரு நாள் வராது. இந்நோய்க்கான நன்கொடையைப் பற்றிய மற்ற எல்லாக் கேள்விகளும் இந்த வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

நோயும் மருந்தும்

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் இந்நோயை விவரித்து எழுதினார். அவர் பிறந்த ஏப்ரல் 11 இன்று உலகப் பார்க்கின்சன் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. மூளையில் டோபமைன் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் உயிரணுக்கள் மெல்ல அழிவதால் கை நடுக்கம், உடல் விறைப்பு, அசைவில் மந்தம், நடையில் தடுமாற்றம் ஆகியவை தோன்றுகின்றன.

இதற்கு இன்றும் முதன்மையான மருந்து லெவோடோபா. அதன் வரலாற்றில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. நம் ஊர் வேலிகளில் படரும் பூனைக்காலிக் கொடியின் விதையிலிருந்து இப்பொருளைத் தாமோதரன், இராமசுவாமி என்ற இருவர் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் பிரித்தெடுத்து 1937இல் வெளியிட்டனர். அது நடுக்குவாதத்துக்கு மருந்தாகும் என்று அப்போது எவருக்கும் தெரியாது. 1960இல் வியன்னாவில் ஹோர்னிக்கிவிட்ஸும் அவருடன் பணியாற்றியவரும் இறந்துபோன நோயாளிகளின் மூளைகளை ஆராய்ந்து டோபமைன் குறைவைக் கண்டறிந்தனர். 1967இல் அமெரிக்காவில் கோட்சியாஸ் வாய்வழி மருந்தாக லெவோடோபா பயன்படுவதைக் காட்டினார். ஆய்வகத்தில் கிடைத்த பொருள் நோயாளியின் கைக்கு வர முப்பது ஆண்டுகள் ஆயின. ஆய்வுக்குக் கொடுப்பவர்கள் இந்தக் கால அளவை நினைவில் வைத்துக்கொண்டு கொடுக்க வேண்டும். (விதையில் மருந்து இருக்கிறது என்று அறிந்து அதைத் தாமே அரைத்துச் சாப்பிடுவது ஆபத்து. விதைக்கு விதை மருந்தின் அளவு மாறும்.)

நடுவில் நிற்கக் கூடாத உதவி

லெவோடோபாவை ஒரு நாளைக்குப் பல வேளை, மணி தவறாமல் சாப்பிட வேண்டும். ஒரு வேளை தாமதித்தால் கால் தரையை விட்டு எழாது. மருந்தைத் திடீரென நிறுத்தினால் கடும் காய்ச்சலும் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். எனவே நல்ல மனத்தோடு மூன்று மாதம் மருந்து வாங்கித் தந்துவிட்டு நான்காம் மாதம் மறந்துபோகும் கொடையாளர், தம்மை அறியாமலே தீங்கு செய்யக்கூடும்.

மூளைக்குள் மின்முனை பொருத்தும் ஆழ்மூளைத் தூண்டல் அறுவைக்கும் இது பொருந்தும். பல லட்சம் ரூபாய் திரட்டி அறுவை செய்துவிடுகிறார்கள். ஆனால் மார்புத் தோலுக்கு அடியில் வைக்கப்படும் கருவியின் மின்கலம் சாதாரண வகையாக இருந்தால் சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும். அதை மாற்ற மீண்டும் பெருந்தொகை வேண்டும். அந்த இரண்டாவது தொகைக்கும் வழி வைத்துவிட்டே முதல் தொகையைத் திரட்ட வேண்டும்.

விருத்தாசலத்திலிருந்து பார்த்தால்

கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றின் கரையில் உள்ள விருத்தாசலம், கோயிலுக்கும் இரயில் சந்திப்புக்கும் அடுத்தபடியாகப் பீங்கான் தொழிலுக்குப் பேர்பெற்றது. பொம்மைகளும் மின் இணைப்புகளில் பயன்படும் பீங்கான் பொருட்களும் இங்கே செய்யப்படுகின்றன. அச்சிலிருந்து எடுத்த பொம்மையின் ஓரங்களைச் சீவுவதும் அதன் கண்ணுக்கு மை தீட்டுவதும் விரல் நுனியால் செய்யும் வேலைகள். நடுக்குவாதம் முதலில் தொடுவதும் பெரும்பாலும் விரலைத்தான். கையெழுத்து சிறுத்துக்கொண்டே போகும். சட்டைப் பொத்தான் போட நேரமாகும். எண்ணிக்கைக்குக் கூலி வாங்குபவர்களுக்கு, நோய்க்குப் பெயர் தெரிவதற்கு முன்பே வருமானம் குறையத் தொடங்கிவிடும்.

நரம்பியல் வல்லுநரைப் பார்க்க இவ்வூரார் வழக்கமாகப் புதுச்சேரி ஜிப்மருக்கோ சென்னைக்கோ போக வேண்டியிருக்கிறது. அரசு மருத்துவமனையில் மருத்துவம் இலவசமாகக் கிடைத்தாலும் பயணம் இலவசமில்லை. நோயாளியால் தனியே பேருந்து ஏற முடியாது. உடன் செல்பவருக்கும் ஒரு நாள் கூலி போகும். இந்தச் செலவுக்கு நன்கொடை கேட்டு யாரும் விளம்பரம் செய்வதில்லை. ஆனால் மருத்துவத்தைப் பாதியில் விடுபவர்கள் பலர் இந்த இடத்தில்தான் விடுகிறார்கள் என்பதை ஊரில் யாரைக் கேட்டாலும் ஒப்புக்கொள்வார்கள்.

ஆகவே சிறு ஊர் ஒன்றில் கொடை நல்ல பலன் தரும் இடங்கள் பெரியவை அல்ல. மாதந்தோறும் பயணச் செலவு, வாரம் ஒரு முறை வந்து நடைப்பயிற்சி தரும் இயன்முறை மருத்துவருக்கு ஊதியம், ஒரு மாத மருந்து கையிருப்பு போன்றவையே அவை. நடுக்குவாத நோயாளிகள் பலருக்கு வாசற்படி அருகே கால் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும். தரையில் குறுக்காக வண்ணப் பட்டைகள் ஒட்டினால் அவற்றைத் தாண்டுவதாக எண்ணிப் பலரால் அடியெடுத்து வைக்க முடிகிறது. ஒரு சுருள் ஒட்டுநாடாவின் விலையில் ஒருவர் கீழே விழாமல் தடுக்கலாம்.

பணம் இல்லாதவர்கள் நேரத்தைக் கொடுக்கலாம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்ட 21 வகைக் குறைபாடுகளில் பார்க்கின்சன் நோயும் ஒன்று. தமிழ்நாடு அரசு இந்நோயாளிகளுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வழங்கும் திட்டம் வைத்திருக்கிறது. சான்றிதழ், அடையாள அட்டை, விண்ணப்பம் ஆகியவற்றுக்காகக் கடலூர்வரை அலைய வேண்டியிருப்பதால் தகுதியுள்ளவர்கள் விட்டுவிடக் கூடும். அந்தப் படிவத்தை நிரப்பி உடன் சென்று வரும் கல்லூரி மாணவர், நோயாளிக்கு ஆண்டுக்கு 24,000 ரூபாய் பெற்றுத் தருகிறார்.

ஒரு முன்மாதிரி

நரம்பியல் மருத்துவர் பி. எஸ். சிங்கால் 2001இல் மும்பையில் தொடங்கிய பார்க்கின்சன் நோய் மற்றும் அசைவுக் கோளாறு சங்கம் நன்கொடையால் இயங்கும் அமைப்பு. நோயாளிகளையும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களையும் குழுக்களாகக் கூட்டி உடற்பயிற்சி, பேச்சுப் பயிற்சி, மனநல ஆலோசனை ஆகியவற்றைக் கட்டணமின்றித் தருகிறது. அதன் குழுக்கள் இன்று இந்தியாவின் பல நகரங்களில் கூடுகின்றன. பெரிய கட்டடமோ கருவிகளோ இதற்குத் தேவையில்லை. ஒரு கூடமும் பயிற்சி பெற்ற ஒருவரும் போதும். விருத்தாசலம் அளவுள்ள ஊருக்கு ஏற்றது இம்முறையே.

ஆய்வுக்குக் கொடுத்தல்

நடிகர் மைக்கேல் ஜே. ஃபாக்ஸுக்கு 29 வயதில் இந்நோய் கண்டறியப்பட்டது. அவர் 2000இல் நிறுவிய அறக்கட்டளை நடுக்குவாத ஆய்வுக்கு உலகில் மிகுதியாகக் கொடுக்கும் தனியார் அமைப்புகளில் ஒன்று. மரபணு ஆய்வுகள் நெடுங்காலம் ஐரோப்பிய வம்சாவளியினரிடமே நடந்தன. அவர்களிடம் அடிக்கடி காணப்படும் ஒரு முக்கிய மரபணு மாற்றம் இந்தியர்களிடம் மிக அரிது. எனவே அங்கே கண்டறிந்ததை அப்படியே இங்கே பொருத்த முடியவில்லை. இந்தக் குறையைப் போக்க இந்திய மருத்துவமனைகள் பல சேர்ந்து 10,000 நோயாளிகளை ஆராயும் திட்டத்துக்கு அந்த அறக்கட்டளை நிதி அளித்தது. இந்தியர் நோயைப் பற்றி அறிய அமெரிக்கக் கொடையாளர் பணம் தர வேண்டியிருந்தது சற்று உறுத்தத்தான் செய்கிறது.

கொடுப்பவர் பார்க்க வேண்டியவை

வருமான வரிச் சட்டப்படி நன்கொடை வரிவிலக்குக்குப் பதிவு பெற்ற அமைப்புக்குக் கொடுத்தால், பழைய வரிமுறையில் இருப்பவர் வரிவிலக்குக் கோரலாம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த தொகைக்கு அந்த விலக்கு இல்லை. ரசீதோடு நன்கொடைச் சான்றையும் கேட்டு வாங்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து பணம் பெறும் அமைப்புக்கு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப் பதிவு கட்டாயம். "நடுக்குவாதத்தை முற்றிலும் குணமாக்குகிறோம்" என்று கூறி நிதி கேட்பவர்களிடமிருந்து விலகி நிற்பது நல்லது.

பணமல்லாத இன்னொரு கொடையும் உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸில் 1995 முதல் மூளைத் திசு வங்கி இயங்கி வருகிறது. இறந்தபின் குடும்பத்தார் ஒப்புதலுடன் பெறப்படும் மூளை அங்கே ஆய்வுக்காகப் பாதுகாக்கப்படுகிறது. இறந்த சில மணி நேரத்துக்குள் மூளையை எடுத்தாக வேண்டும் என்பதால், விருப்பமுள்ளவர் தம் மருத்துவரிடமும் வீட்டாரிடமும் உயிரோடு இருக்கும்போதே பேசி வைத்திருக்க வேண்டும்.