மென்பொருளை மாற்றும் முன் வரைபடத்தைக் காப்போம்

ஊர்காவற்றுறையில் பாதையேறிக் காரைநகர்க் கரையில் இறங்குகிறவர்கள் சீநோர் படகுத்தளத்தை அறிவார்கள். நோர்வேயின் உதவியோடு 1960களின் பிற்பகுதியில் உருவாகி, கண்ணாடியிழைப் படகுகளைக் கட்டிய தளம் அது. அந்தக் காலத்தில் ஒரு படகின் வடிவம் மேசையில் விரித்த தாளிலும், அதைப் பார்த்துச் செய்த அச்சிலும் இருந்தது. இப்போது படகோ, கூரைச் சட்டமோ, தண்ணீர்த் தாங்கியோ, எதுவானாலும் பட்டறைகள் கணினியில் வரையத் தொடங்கிவிட்டன. வேலை சுலபமாகியிருக்கிறது. ஆனால் பழைய மென்பொருளை விட்டுப் புதியதற்கு மாறும்போது, பல வருட உழைப்பு கண்முன்னே கெட்டுப்போகக்கூடும்.

எங்கே பிழைக்கும்?

பதினெட்டரை அடி வள்ளம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அங்குலத்தில் அதன் நீளம் 222. கோப்பில் அளவலகு பதியப்படாவிட்டால், புதிய மென்பொருள் அதை 222 மில்லிமீற்றர் என்று வாசிக்கலாம். வள்ளம் ஒரு சாண் நீளத்துக்குச் சுருங்கிவிடும். இந்தப் பிழை உடனே கண்ணில் படும்.

கண்ணில் படாத பிழைதான் பொல்லாதது. மிகப் பழைய டிஎக்ஸ்எஃப் கோப்பு வடிவத்தில் சேமித்தால், வள்ளத்தின் விலாவில் ஓடும் வளைகோடு சின்னச் சின்ன நேர்கோடுகளாக உடைந்துபோகும். திரையில் அது வளைவாகவே தெரியும். அச்சில் வெட்டிய பிறகுதான் விரல் தடவினால் மேடு தட்டும். அதற்குள் பலகைக்கும் ரெசினுக்கும் கொட்டிய காசு போய்விடும்.

பெரிய நிறுவனங்களும் இதில் அடிபட்டிருக்கின்றன. ஏர்பஸ் ஏ380 விமானத்தை வடிவமைத்தபோது ஜேர்மனியின் ஹம்பர்க் பிரிவு கட்டியா மென்பொருளின் 4ஆம் பதிப்பிலும், பிரான்சின் துலூஸ் பிரிவு 5ஆம் பதிப்பிலும் வேலை செய்தன. வயர்கள் விமானத்தின் உடலுக்குள் பொருந்தவில்லை. முதல் விமானம் 2007 ஒக்டோபரில்தான், திட்டமிட்டதற்கு ஏறக்குறைய இரண்டு வருடம் பிந்தி, கையளிக்கப்பட்டது.

வரைபடம் யாருக்குச் சொந்தம்?

இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இதற்கு விடை சொல்கிறது. சம்பளத்துக்கு வேலை செய்பவர் தன் வேலையின் பகுதியாக வரைந்ததன் பொருளாதார உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்குரியது. வெளியாள் ஒருவரிடம் காசு கொடுத்து வரைவித்தால் நிலைமை வேறு. உரிமையை உங்களுக்கு மாற்றித் தருவதாக எழுத்தில், கையொப்பத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சை நம்பினால் நாளை அதே வடிவத்தில் பக்கத்துக் கரையில் வள்ளம் இறங்கும்.

முறையாக வாங்கிய மென்பொருளுக்குப் பாதுகாப்புப் பிரதி ஒன்று எடுத்துவைக்கவும் இதே சட்டம் இடமளிக்கிறது.

கிராக் போட்ட மென்பொருள்

"எல்லாரும் இதைத்தானே பாவிக்கினம்" என்பார்கள். உரிமம் இல்லாதது என்று தெரிந்துகொண்டே தொழில் இலாபத்துக்குப் பயன்படுத்துவது குற்றம். நீதவான் நீதிமன்றத்தில் 5 இலட்சம் ரூபாய் வரை தண்டப்பணமோ, 6 மாதச் சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். கிராக் கோப்போடு வைரசும் வந்து எல்லா வரைபடங்களையும் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்கலாம்.

வாடகை உரிமத்திலும் கவனம் தேவை. ஒட்டோடெஸ்க் நிறுவனம் 2016இல் புதிய நிரந்தர உரிமங்களின் விற்பனையை நிறுத்தியது. சந்தா முடிந்தால் மென்பொருள் திறக்காது. உரிமத்தைச் சரிபார்க்க அந்த நிறுவனத்தின் ஒட்டோகாட் இடைக்கிடை இணையத்தைத் தேடும். நெடுந்தீவிலோ நயினாதீவிலோ இருக்கும் பட்டறை இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

காசில்லாத நேர்வழியும் உண்டு. ஃப்ரீகாட், லிப்ரேகாட் இரண்டும் இலவசம், தொழிலுக்கும் பயன்படுத்தலாம். படகின் உடலை வரைய டெல்ஃப்ட்ஷிப் மென்பொருளின் இலவசப் பதிப்பு இருக்கிறது. ஒல்லாந்தர் நெடுந்தீவுக்கு இட்ட டெல்ஃப்ட் என்ற பெயரையே தாங்கி, ஒல்லாந்து நாட்டிலிருந்து வருவது அது.

மாறும் முன் செய்ய வேண்டியவை

- பழைய உரிமம் முடியுமுன், முப்பரிமாண வரைபடங்களை ஸ்டெப் வடிவத்திலும், தட்டை வரைபடங்களைப் புதிய பதிப்பு டிஎக்ஸ்எஃப் வடிவத்திலும் சேமியுங்கள். அளவுகள் எழுதிய பிடிஎஃப் ஒன்றையும் கூடவே வையுங்கள்.
- ஒரு பிரதியைப் பட்டறைக்கு வெளியே, வேறொரு வீட்டில் வையுங்கள்.
- ஏற்கெனவே கட்டி முடித்த ஒரு வள்ளத்தின் வரைபடத்தைப் புதிய மென்பொருளில் திறந்து, நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அந்த வள்ளத்திலேயே நாடா பிடித்து ஒப்பிடுங்கள்.
- முதல் சில வேலைகளுக்குப் பழையதையும் புதியதையும் சேர்த்தே ஓட்டுங்கள்.
- பற்றுச்சீட்டிலும் உரிமச் சான்றிலும் உங்கள் நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏமாற்றப்பட்டால்

போலி உரிமத்தை அசல் என்று விற்றிருந்தால், பற்றுச்சீட்டோடு பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். தொலைபேசி 1977. மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். கணினி முடக்கப்பட்டால் கப்பம் கட்ட ஓடாமல், இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு இணையப் பாதுகாப்புக்கான இலங்கை சேர்ட் அமைப்பை 101இல் அழையுங்கள். வடிவம் திருடப்பட்டிருந்தால் திகதியோடு கூடிய பழைய கோப்புகளே உங்கள் சாட்சி. அவற்றோடு சட்டத்தரணியைப் பாருங்கள்.

மென்பொருள் இன்று ஒன்று, நாளை இன்னொன்று. வள்ளத்தின் வடிவம் மட்டும் உங்கள் கைப்பழக்கத்திலிருந்தும் இந்தக் கடலின் அலையிலிருந்தும் பிறந்தது. நாளைக் காலை கணினியில் இருக்கும் மிகப் பழைய வரைபடத்தைத் திறந்து பாருங்கள். திறந்தால், உடனே பிரதி எடுங்கள்.