ஒரு குவளை பீர், ஓர் இசைத்தட்டு: டெக்சாஸ் மண் சேர்த்துவைத்த இணை

அமெரிக்காவில் ஆகஸ்டு மாதக் கடைசியில் கடை அலமாரிகளுக்குச் செம்பழுப்பு நிற பீர் ஒன்று வந்து சேரும். இலையுதிர்காலம் நெருங்குகிறது என்பதற்கு அது ஓர் அறிவிப்பு. ‘மேர்ட்சன்’ அல்லது ‘அக்டோபர்பெஸ்ட்’ என்ற பெயரில் சிறு ஆலைகள் காய்ச்சும் பருவகால பீர் அது. இத்தகைய பீருக்கு எந்த உணவு பொருந்தும் என்று பார்ப்பதுபோல, எந்த இசைத்தட்டு பொருந்தும் என்று பார்ப்பவர்களும் உண்டு.

மேர்ட்சனுக்குக் கண்ட்ரி இசையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால், வில்லி நெல்சன் 1975-இல் வெளியிட்ட ‘ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்’ நல்ல தேர்வு. இது வெறும் ரசனை சார்ந்த பொருத்தம் அல்ல. இரண்டின் வரலாறும் டெக்சாஸ் மாநிலத்தில் ஒன்றையொன்று தொடுகின்றன.

மார்ச்சில் காய்ச்சிய பீர்

‘மேர்ட்சன்’ என்ற ஜெர்மன் சொல் மார்ச் மாதத்தைக் குறிப்பது. குளிர்சாதன வசதி இல்லாத காலத்தில், கோடையில் காய்ச்சிய பீர் எளிதில் கெட்டுப்போனது. அதனால் 1553-இல் பவேரியாவில் பிறப்பிக்கப்பட்ட ஆணை ஒன்று, ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சுவதைத் தடை செய்தது. ஆலைகள் மார்ச்சிலேயே சற்று வலுவான பீரைக் காய்ச்சி, குளிர்ந்த நிலவறைகளில் பீப்பாய்களை அடுக்கிவைத்தன. மாதக்கணக்கில் கிடந்து அது மெல்லப் பக்குவப்பட்டது. ‘லாகர்’ என்ற பெயரே, சேமித்து வைத்தல் என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லிலிருந்து வந்ததுதான்.

மேர்ட்சனில் கசப்பு தூக்கலாக இருக்காது. முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையின் மணமே முன்னால் நிற்கும். காப்பிக் கடையில் வாட்டிய ரொட்டியின் வாசத்தை அது நினைவூட்டும். முதல் மிடறில் லேசான இனிப்பு தெரியும். விழுங்கியதும் அது நாக்கில் தங்காது. மதுச்செறிவு பொதுவாக 5 முதல் 6 விழுக்காடு வரை இருக்கும். மியூனிக் நகரின் அக்டோபர் திருவிழாவில் இப்போது இதைவிட வெளிறிய பொன்னிற பீரே ஊற்றப்படுகிறது. பழைய செம்பழுப்பு வகையை அமெரிக்கச் சிறு ஆலைகள் பல இன்னும் விடாமல் காய்ச்சுகின்றன.

பருத்திக்காடும் போல்காவும்

19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியரும் செக் இனத்தவரும் பெருமளவில் டெக்சாஸில் குடியேறினர். பீர் காய்ச்சும் பழக்கத்தையும் போல்கா, வால்ட்ஸ் நடனங்களையும் அவர்கள் கூடவே கொண்டுவந்தனர். குடும்பத்தோடு கூடி ஆடுவதற்கு நடனக் கூடங்களைக் கட்டினர். 1878-இல் கட்டப்பட்ட ‘கிரீன் ஹால்’ இன்றும் இசை நிகழ்ச்சிகளை நடத்துகிறது. ஷைனர் என்ற சிற்றூரில் 1909-இல் தொடங்கப்பட்ட பீர் ஆலையும் இன்றுவரை இயங்குகிறது.

அந்த மண்ணில்தான், ஏபட் என்ற ஊரில், 1933-இல் வில்லி நெல்சன் பிறந்தார். தாத்தா பாட்டியிடம் வளர்ந்த அவர், சிறுவயதில் பருத்தி எடுக்கும் வேலைக்குப் போனவர். அவர் முதன்முதலில் மேடையேறியவற்றுள், அக்கம்பக்கத்துச் செக் குடும்பத்தினர் நடத்திய போல்கா குழுவும் ஒன்று. பீர் குவளைகளும் நடனமும் கலந்த கூடங்களில்தான் அவருடைய கை பழகியது.

பிற்பாடு நாஷ்வில் நகரில் பாடலாசிரியராக அவர் பெயர் பெற்றார். ஆனால் அவர் சொந்தமாகப் பாடியபோது, தயாரிப்பாளர்கள் வயலின்களையும் கோரஸ் குரல்களையும் சேர்த்துப் பாடல்களை மெருகேற்றினர். அவை பெரிதாக எடுபடவில்லை. டெக்சாஸ் திரும்பிய பிறகு, பதிவில் இறுதி முடிவு தனக்கே என்ற உரிமையோடு கொலம்பியா நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தார். கார்லண்ட் என்ற ஊரில், தம் குழுவினரை மட்டும் வைத்துக்கொண்டு இந்த இசைத்தட்டைப் பதிவு செய்தார். நைலான் தந்திக் கிட்டார், அக்காள் பாபி நெல்சனின் பியானோ, ஹார்மோனிகா, இடையிடையே அமைதி. நிறுவனத்தார் சிலர், இது முடிக்கப்படாத மாதிரிப் பதிவு என்றே நினைத்தார்கள். இருந்தும் அது அப்படியே வெளிவந்தது. அதிலிருந்த பிரட் ரோஸ் எழுதிய ‘புளூ ஐஸ் கிரையிங் இன் த ரெயின்’, பாடகராக நெல்சனுக்குக் கண்ட்ரி பட்டியலில் முதலிடத்தை முதன்முறையாகத் தந்தது.

சிறு ஆலை பீரின் கதையும் இதே காலத்தது. 1970-களில் அமெரிக்க பீர் சந்தை ஒருசில பெரிய நிறுவனங்களின் கையில் இருந்தது. 1976-இல் கலிபோர்னியாவின் சோனோமாவில் தொடங்கிய ‘நியூ ஆல்பியன்’, புதிய தலைமுறைச் சிறு ஆலைகளுக்கு முன்னோடி. சில ஆண்டுகளில் அது மூடப்பட்டாலும், அதைப் பார்த்து மற்றவர்கள் துணிந்தனர்.

கேட்கும் முறை

மனைவியையும் அவளுடைய காதலனையும் கொன்றுவிட்டு, குதிரையில் அலையும் ஒரு போதகரின் கதை இது. முதல் பக்கம் முழுவதும் இழப்பும் குற்றவுணர்வும். இரண்டாம் பக்கத்தில் கதை டென்வர் நகருக்கு நகர்கிறது. வால்ட்ஸ் மெட்டு கேட்கிறது, பாபியின் பியானோ துள்ளுகிறது, அந்த மனிதருக்கு மறுபடி ஓர் அன்பு கிடைக்கிறது.

பீரைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துச் சில நிமிடங்கள் வெளியே வைக்க வேண்டும். மிகக் குளிர்ந்திருந்தால் மணம் எழாது. பாதிக் குவளை முதல் பக்கத்துக்கு, மீதி இரண்டாம் பக்கத்துக்கு. குளிர் குறையக் குறைய, வாற்கோதுமையின் சுவை கூடுதலாகத் தெரியும். பாடல்களிலும் அதேநேரத்தில் இறுக்கம் தளர்ந்திருக்கும்.

மொத்த இசையும் ஏறக்குறைய 33 நிமிடங்கள்தான். அதற்கு ஒரு குவளை போதும். இதைச் சொல்லக் காரணம் உண்டு. பிரட் ரோஸ்தான் ஹாங்க் வில்லியம்ஸின் பாடல்களைச் செப்பனிட்டு வெளியுலகுக்குக் கொண்டுவந்தவர். கண்ட்ரி இசையின் மாபெரும் பாடகராகிய அந்த வில்லியம்ஸ், குடியாலும் மருந்துகளாலும் உடல் சிதைந்து, 1953 புத்தாண்டு நாளில் கச்சேரிக்குப் போகும் வழியில் காரிலேயே இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 29.

மலேசியாவில் மதுபானம் வாங்கக் குறைந்தபட்ச வயது 21, சிங்கப்பூரில் 18. குடிக்காதவர்கள் இழப்பதற்கு ஒன்றுமில்லை. கொழுந்து மணம் மாறாத ஒரு குவளைத் தேநீரோடும் இந்த இசைத்தட்டைக் கேட்கலாம்.